மூடிப்போன ஐஸ்கிரீம் கடை ஏன் இவ்வளவு இனிக்கிறது?

பழைய ஐஸ்கிரீம் கடை ஒன்று மூடப்போகிறது என்று செய்தி வந்தால், எந்த ஊராக இருந்தாலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். மறுநாளே வாசலில் வரிசை நிற்கும். வருடக்கணக்காக அந்தத் தெருப்பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூடப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பழைய மேசையை, கண்ணாடிக் கிண்ணத்தை, சுவரில் மங்கிப்போன விலைப்பட்டியலைப் போட்டோ எடுப்பார்கள். "இந்த ருசி இனிமே எங்க கிடைக்கும்?" என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் தலையாட்டுவார். கல்லாவில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அவர் மனதில் ஒரு கேள்வி ஓடும். நீங்க எல்லாரும் போன வருஷம் எங்கே போயிருந்தீங்க?

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் இருக்கிறது. அந்தப் பதில் வந்தவர்களின் பொய்யன்பைப் பற்றியது அல்ல. நாஸ்டால்ஜியா என்று சொல்கிறோமே, பழையதை நினைத்து ஏங்கும் அந்த உணர்வு, அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றியது. இந்தக் கட்டுரையில் அதைச் சுருக்கமாக ஏக்கம் என்றே சொல்கிறேன்.

ஏக்கத்தால் கட்டிய கடை

விளக்குவதற்கு ஓர் உண்மைக் கடை வேண்டும். அமெரிக்காவின் ஃபாரெல்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். ஏக்கத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான கடை எனக்குத் தெரிந்து கிடையாது.

1963இல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் பாப் ஃபாரெல், கென் மெக்கார்த்தி என்ற இருவர் அதைத் தொடங்கினார்கள். வெளியே 1963ஆம் ஆண்டு. உள்ளே நுழைந்தால் 1900ஆம் ஆண்டு வாக்கிலிருந்த அமெரிக்கா. பரிமாறுகிறவர்கள் கோடு போட்ட உடையும் தட்டையான வைக்கோல் தொப்பியும் போட்டிருப்பார்கள். மெனு கார்டு பழங்காலச் செய்தித்தாள் மாதிரி அச்சடிக்கப்பட்டிருக்கும். யாருக்காவது பிறந்தநாள் என்று தெரிந்தால் போதும், பெரிய மேளத்தை அடித்து, சைரனை அலறவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி பெயரைச் சொல்லிக் கத்தி, இலவசமாக ஒரு ஐஸ்கிரீம் கொடுப்பார்கள். 'ஜூ' என்றொரு ராட்சதக் கிண்ணம் உண்டு. ஒரு கூட்டமே உட்கார்ந்து தின்னவேண்டிய அளவு. அதை ஸ்ட்ரெச்சர் மாதிரி ஒரு பல்லக்கில் வைத்து, இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே ஓடுவார்கள். 'பன்றித் தொட்டி' என்ற பெயரில் இன்னொன்று. தனியாளாகத் தின்று முடித்தால், நான் பன்றி மாதிரித் தின்றேன் என்று அறிவிக்கும் பேட்ஜ் ஒன்றைச் சட்டையில் குத்திவிடுவார்கள். பத்து வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் என்ன இருக்க முடியும்?

1970களின் தொடக்கத்தில் மேரியட் நிறுவனம் அதை வாங்கியது. நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் வந்தன. எண்பதுகளில் கைமாறியது, தேய்ந்தது, 1990 வாக்கில் பெரும்பாலான கிளைகள் மூடப்பட்டுவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது, ஃபாரெல்ஸே ஓர் ஏக்கத்தை விற்ற கடை என்பது. 1963இல் அங்கே உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கு அந்த அலங்காரம் தன் சிறுவயதை நினைவூட்டியிருக்கும். எதிரே உட்கார்ந்திருந்த பேரனுக்கு 1900ஐப் பற்றி ஒன்றும் தெரியாது. அவனுக்கு அது மேளம் அடிக்கும் கடை, அவ்வளவுதான். இன்று அந்தப் பேரனுக்கே வயது எழுபதை நெருங்குகிறது. அவர் ஏங்குவது 1900க்கு அல்ல, 1900 மாதிரி வேஷம் போட்டிருந்த 1970க்கு.

இந்தத் துறையில் ஆய்வு செய்கிறவர்கள் இரண்டையும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். தான் வாழ்ந்த காலத்தை நினைத்து ஏங்குவது ஒன்று. தான் பிறப்பதற்கு முந்தைய காலத்தை, படத்திலும் கதையிலும் பார்த்த காலத்தை நினைத்து ஏங்குவது மற்றொன்று. முதலாவதை சொந்த ஏக்கம் என்றும் இரண்டாவதை வரலாற்று ஏக்கம் என்றும் வைத்துக்கொள்ளலாம். பித்தளை டபராவும் ரேடியோப் பெட்டியும் வைத்து அலங்கரித்த புது காபிக் கடைகள் நம் ஊரிலும் விற்பது இரண்டாவதைத்தான். அதில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுக்காரர்கள் அந்த ரேடியோவைத் திருகிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நோயாக இருந்த காலம்

ஏக்கம் முதலில் மருத்துவப் புத்தகத்தில்தான் நுழைந்தது. 1688இல் பாசல் பல்கலைக்கழகத்தில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவ மாணவர் எழுதிய ஆய்வேட்டில் அதை ஒரு நோயாக விவரித்தார். ஊரைவிட்டு வந்த சுவிஸ் நாட்டவர்கள் சாப்பிடாமல், தூங்காமல், வீட்டையே நினைத்து மெலிந்து போவதைப் பார்த்து எழுதியது. அவர் கண்ட மருந்து, ஆளை ஊருக்குத் திருப்பி அனுப்புவது. அப்புறம் வந்த ஷாய்க்ஸர் என்ற இன்னொரு சுவிஸ் அறிஞர், மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கியதால் காற்றழுத்தம் கூடி இரத்த ஓட்டம் கெட்டுப்போகிறது என்று விளக்கம் சொன்னார். சிரிப்பு வரும். ஆனால் 'இது மனசு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உடம்பும் சேர்ந்திருக்கிறது' என்று அவர்கள் நினைத்ததில் கொஞ்சம் சாரம் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

ரொம்ப காலம் ஏக்கம் ஒரு கோளாறாகவே பார்க்கப்பட்டது. அந்தப் பார்வையை மாற்றியதில் கான்ஸ்டன்டைன் செடிகைடிஸ் என்ற உளவியல் பேராசிரியருக்குப் பெரிய பங்கு உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து இங்கிலாந்தின் சவுத்தாம்டனுக்கு வேலை மாறிப் போனார். போன சில வாரங்களில் பழைய ஊரும் பழைய நண்பர்களும் அடிக்கடி நினைவுக்கு வந்தார்கள். சாப்பிடும்போது சக பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்ல, உங்களுக்கு மனச்சோர்வு என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். செடிகைடிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பழையதை நினைக்கும்போது தனக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு டிம் வில்ட்ஷட் முதலிய சகாக்களோடு சேர்ந்து அதையே ஆராய ஆரம்பித்தார்.

2006இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தவை இவை. மக்கள் எழுதிக்கொடுத்த ஏக்கக் கதைகளில் பெரும்பாலும் எழுதுகிறவரே மையப் பாத்திரம். ஆனால் தனியாக இல்லை, கூடவே யாராவது இருக்கிறார்கள். அப்பா, அக்கா, கூட்டாளிகள். கதையில் ஒரு சின்ன வருத்தம் இருக்கும், முடிவு பெரும்பாலும் நல்லதாக இருக்கும். ஏக்கம் எப்போது வருகிறது என்று பார்த்தால், மனசு சரியில்லாதபோதும் தனிமை தட்டும்போதும் வருகிறது. வந்து முடிந்த பிறகு, தனக்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்ற தெம்பு கூடுகிறது. ஆக, ஏக்கம் தனிமையின் அறிகுறி மட்டும் அல்ல, தனிமைக்கு மனசு தானே போட்டுக்கொள்ளும் ஒத்தடமும்கூட.

2012இல் வந்த இன்னோர் ஆய்வு, இந்தத் தலைப்புக்காகவே செய்தது மாதிரி இருக்கும். குளிரான நாட்களிலும் குளிரான அறையிலும் மக்களுக்கு ஏக்கம் அதிகம் வருகிறது என்று கண்டார்கள். ஏங்கும்போது உடம்பு கதகதப்பாக உணர்கிறது. பழைய இனிய நினைவு ஒன்றை நினைத்துவிட்டுப் பனிநீரில் கையை விட்டவர்கள், சாதாரண நினைவை நினைத்தவர்களைவிட நீண்ட நேரம் தாங்கினார்கள். ஷாய்க்ஸரின் காற்றழுத்தம் தப்பாகப் போனாலும், உடம்புக்கும் ஏக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்ற வரைக்கும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கிறது.

ஏன் அந்த வயசு, ஏன் அந்த வாசனை

அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் வாழ்க்கையில் நினைவில் நிற்கும் சம்பவங்களைச் சொல்லச் சொன்னால், அவை வாழ்நாள் முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. மூன்று வயதுக்கு முந்தையது கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையான காலத்தில் நினைவுகள் குவிந்து கிடக்கும், அதிலும் பதின்பருவமும் அதை ஒட்டிய சில வருடங்களும் அடர்த்தி அதிகம். வரைபடத்தில் போட்டால் அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். நினைவு மேடு என்று சொல்லலாம். முதல் சம்பளம், முதல் சினேகிதம், பெரியவர்கள் துணை இல்லாமல் வெளியே போன முதல் நாள் எல்லாம் அந்த வயதில் வருகின்றன. முதன்முறை நடப்பது அழுத்தமாகப் பதியும். நாற்பத்தைந்தாவது வயதில் சாப்பிட்ட நூறாவது பிஸ்தா ஐஸ்கிரீமுக்கு அந்த யோகம் கிடையாது.

வாசனை இந்த விதிக்கு உட்படுவதில்லை. ஒரு சொல்லையோ படத்தையோ காட்டிப் பழைய நினைவைக் கிளறினால் பதின்பருவமும் இருபதுகளும் வரும். வாசனையை முகரவிட்டுக் கிளறினால் இன்னும் பின்னால் போகிறது. பத்து வயதுக்குள் நடந்தவை மேலெழுகின்றன. இதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூளையின் அமைப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. பார்வை, கேட்டல், தொடுகை மூன்றும் தாலமஸ் என்ற சந்திப்பில் இறங்கி ஏறித்தான் மற்ற பகுதிகளுக்குப் போக வேண்டும். வாசனை அங்கே நிற்பதில்லை. மூக்கிலிருந்து வரும் செய்தி, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேர்வழியில் போய்ச் சேருகிறது. அதனால்தான் ஏலக்காயோ வெனிலாவோ மூக்கில் ஏறியதும், இது எது என்று யோசிப்பதற்கு முன்பே நெஞ்சு எதையோ பிடித்துவிடுகிறது.

ஐஸ்கிரீமில் ஒரு கூடுதல் விசேஷம். குளிர்ச்சியாக இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். இனிப்பை உணரும் செல்களுக்குள் இருக்கும் ஒரு புரதம் வெதுவெதுப்பில் நன்றாகவும் குளிரில் மந்தமாகவும் வேலை செய்வதே காரணம். அதைச் சரிக்கட்டத்தான் ஐஸ்கிரீமில் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தால் திகட்டும். மணமும் அப்படியே. உறைந்த நிலையில் மணப் பொருட்கள் அவ்வளவாக ஆவியாவதில்லை. வாயில் உருக உருக, தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகின்றன. ஆக, முதலில் சில்லென்ற உணர்வு மட்டும், பிறகு இனிப்பு, பிறகு மெதுவாக மணம். ஒரே வாய்க்குள் மூன்று கட்டம். மெல்லத் திறக்கும் ருசி என்பதால் சின்னப் பிள்ளைகள் அதில் கரைந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள், பதிவதற்கும் நேரம் கிடைக்கிறது. இந்தக் கடைசி வரி என் ஊகம்தான், ஆய்வு முடிவு அல்ல.

மணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஐஸ்கிரீம் உலகத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறார். 1978இல் வெர்மான்ட் மாநிலத்தில் பழைய பெட்ரோல் பங்க் ஒன்றில் பென் அண்ட் ஜெர்ரிஸ் கடையைத் தொடங்கிய இருவரில் பென் கோஹனுக்கு மோப்ப சக்தி மிகக் குறைவு. மணத்தை வைத்து அவரால் ஐஸ்கிரீமைப் பிரித்தறிய முடியாது. பல்லுக்கு ஏதாவது தட்டுப்பட வேண்டும். அதனால் சாக்லேட், பிஸ்கட், கொட்டை எல்லாவற்றையும் பெரிய பெரிய துண்டுகளாகப் போட்டார்கள். அதுவே அந்தக் கடையின் அடையாளமாகிவிட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகளின் ஏக்கத்தில் இன்று கடவாய்ப்பல்லுக்கும் பங்கு இருக்கும்.

இனிக்காத நினைவு

ஏக்கம் கசப்பை வடிகட்டிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். காத்திருந்த நேரம், அப்பாவின் முணுமுணுப்பு, சட்டையில் கொட்டியதற்கு வாங்கிய அடி எல்லாம் வருடங்கள் போகப்போக வெளுத்துப்போகும், சில சமயம் அவையே வேடிக்கையாக மாறும். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வடிகட்டி எல்லாவற்றையும் தடுப்பதில்லை.

1972 செப்டம்பர் 24 அன்று கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் விமானக் காட்சி ஒன்று நடந்தது. அது முடிந்து புறப்பட்ட பழைய சேபர் ரக ஜெட் விமானம் மேலெழும்ப முடியாமல், ஓடுபாதையைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிரே இருந்த ஃபாரெல்ஸ் கடைக்குள் பாய்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் குழந்தைகள். நாட்டின் மற்ற ஊர்களில் ஃபாரெல்ஸ் என்றால் மேளச் சத்தம் நினைவுக்கு வரும். சாக்ரமெண்டோக்காரர்களுக்கு அந்தப் பெயர் அப்படி வராது. ஒரே கடை, ஒரே மெனு, ஒரே வைக்கோல் தொப்பி. ஏக்கத்தைப் பற்றி இனிப்பாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதால் இங்கே சொல்கிறேன்.

திரும்ப வந்த கடை

இப்போது கல்லாக்காரரின் கேள்விக்கு வரலாம்.

ஃபாரெல்ஸை விரும்பியவர்கள் அதை மறக்கவில்லை. 2009இல் கலிஃபோர்னியாவின் மிஷன் வியேஹோ என்ற ஊரில் அதே பெயரில் புதிதாகக் கடை திறந்தார்கள். அதே மேளம், அதே சைரன், அதே ஜூ. கூட்டம் அலைமோதியது. பக்கத்து ஊர்களில் மேலும் சில கிளைகள் வந்தன. பத்து வருடம் தாக்குப்பிடித்தது. 2019இல் பிரேயா என்ற ஊரில் எஞ்சியிருந்த கடைசிக் கடையும் மூடப்பட்டது.

வியாபாரத்தில் நஷ்டம் வருவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், ஒன்றை மட்டும் பிடித்துச் சொல்வது சரியல்ல. இருந்தாலும் ஏக்கத்தின் பக்கமிருந்து பார்த்தால் ஒரு கணக்கு தெளிவாகத் தெரிகிறது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தன் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறார். மேளம் அடிக்கிறார்கள், கண் கலங்குகிறது, போட்டோ எடுக்கிறார், மனசு நிறைந்துவிடுகிறது. அப்புறம் என்ன? அடுத்த வாரமும் வருவாரா? ஏக்கம் தீருவதற்கு ஒரு தடவை போதும். அதிகம் போனால் வருடத்துக்கு ஒன்று. வாடகையும் சம்பளமும் மின்கட்டணமும் மாதாமாதம் வருகின்றன. கடைக்குத் தேவை செவ்வாய்க்கிழமை மத்தியானம் சும்மா வந்து உட்காரும் ஆள். ஏங்குகிறவர் அந்த ஆள் அல்ல.

இன்னும் ஒன்று. கண் முன்னால் இருப்பதற்காக யாரும் ஏங்க முடியாது. தெருமுனையில் கடை திறந்திருக்கும் வரை அது வெறும் கடை. அதன் ஃபேன் சத்தம் போடும், விலை கூடியிருக்கும், மாம்பழ ஐஸ்கிரீம் தீர்ந்துபோயிருக்கும். மூடப்போகிறது என்ற அறிவிப்பு வந்த நாளில்தான் அது இழக்கப்போகும் பொருளாக மாறுகிறது, ஏக்கம் அன்றைக்குத்தான் பிறக்கிறது. போன வருடம் வராதவர்கள் இந்த வருடம் அழுவது நடிப்பு அல்ல. போன வருடம் அந்த உணர்வே அவர்களிடம் இல்லை.

ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த, ரஷ்யாவில் பிறந்த ஸ்வெட்லானா போய்ம் 2001இல் ஏக்கத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, போனதை அப்படியே திரும்பக் கட்டி எழுப்பத் துடிக்கும் ஏக்கம். மற்றது, போனது போனதுதான் என்று தெரிந்துகொண்டே அதை அசைபோட்டு ரசிக்கும் ஏக்கம். அவர் பேசியது அரசியலையும் நாடுகளையும் பற்றி. ஐஸ்கிரீம் கடைக்கும் அது பொருந்துகிறது. 2009இன் ஃபாரெல்ஸ் முதல் வகை. அந்தப் பழைய பேட்ஜை டிராயரில் வைத்திருந்து எப்போதாவது எடுத்துப் பார்ப்பவர் இரண்டாம் வகை. இரண்டாம் வகைக்காரருக்கு ஏமாற்றம் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊர்ப் பக்கம்

அன்பு குறைந்ததால்தான் கடைகள் மூடப்படுகின்றன என்றும் நினைத்துவிடக் கூடாது. சென்னை கதீட்ரல் சாலையில் 1962இல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலுக்குக் கடைசி வரை கூட்டம் குறைந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். மரத்தடியில் காரை நிறுத்திக்கொண்டு தட்டை ஜன்னலில் மாட்டிச் சாப்பிட்ட இடம் அது. அதன் கீழிருந்த நிலம் கைமாற, 2008இல் மூடியது. அங்கே செம்மொழிப் பூங்கா 2010இல் திறக்கப்பட்டது. ஊரின் நடுவே இருக்கும் பழைய கடைகளுக்குப் பெரும்பாலும் எமன் நிலத்தின் விலைதான். ஓனரின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விடுவது அடுத்த காரணம்.

அந்த மாதிரி இடங்களுக்கு அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் ஒரு பெயர் கொடுத்தார், மூன்றாம் இடம் என்று. வீடு முதல் இடம், வேலை பார்க்குமிடம் இரண்டாம் இடம். இரண்டுமல்லாமல், அழைப்பில்லாமல் போய், சின்னச் செலவில் நேரம்போவது தெரியாமல் உட்கார முடிகிற இடம் மூன்றாவது. டீக்கடை பெஞ்சும் படிப்பகமும் நம்மிடம் அந்த வேலையைச் செய்தன. ஆனால் டீக்கடை பெஞ்ச் பெரும்பாலும் ஆண்களுடையது என்பதையும் சொல்ல வேண்டும். ஐஸ்கிரீம் பார்லருக்குக் கல்லூரிப் பெண்கள் நாலு பேராகப் போய் ஒரு மணிநேரம் உட்காரலாம், குடும்பமாகப் போகலாம், வீட்டில் கேள்வி வராது. அவை மூடும்போது பெண்கள் ஆண்களைவிட ஒரு படி அதிகமாக வருந்துவதை நான் கவனித்திருக்கிறேன். அவர்களுக்கு வேறு மூன்றாம் இடம் அதிகம் இல்லை.

சென்னையில் அறுபது எழுபதுகளில் வளர்ந்தவர்கள் ஐஸ்கிரீம் என்றதும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த தாசப்பிரகாஷ் ஓட்டலைத்தான் சொல்வார்கள். இன்று அந்த ஓட்டல் இல்லை. சின்ன ஊர்களின் கதை வேறு. 1970இல் ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் குச்சி ஐஸ் தயாரித்துத் தள்ளுவண்டியில் விற்க ஆரம்பித்தார். அருண் ஐஸ்கிரீமின் தொடக்கம் அது. சென்னையில் தாசப்பிரகாஷ், குவாலிட்டி, ஜாய் போன்ற பெயர்கள் ஏற்கெனவே வேரூன்றியிருந்ததால் அவர் வெளியூர்களுக்குப் போனார், அந்தந்த ஊரில் பார்லர் திறக்க வைத்தார். ஆகவே தமிழ்நாட்டின் பல சின்ன ஊர்களில் ஒரு தலைமுறை முதன்முதலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டது ஒரு கம்பெனியின் கிளையில். அதனால் அவர்களுடைய ஏக்கம் மாற்றுக் குறைந்துவிடாது. மூளைக்கு உள்ளூர்க் கடையா சங்கிலிக் கடையா என்பது தெரியாது. கூட யார் வந்தார்கள் என்பதுதான் தெரியும்.

அப்படியென்றால் ருசி மாறவே இல்லையா?

இவ்வளவும் படித்துவிட்டு, எல்லாம் மனப்பிரமை என்ற முடிவுக்கு வந்தால் அது அவசரம். "அந்தக் காலத்து ருசி இப்ப இல்லை" என்ற புலம்பலில் ஒரு பங்கு பால் சம்பந்தப்பட்டது. சோதித்துப் பார்க்கக்கூடியது.

ஐஸ்கிரீமில் கண்ணுக்குத் தெரியாத முக்கியப் பொருள் காற்று. கடையும்போது காற்று உள்ளே புகுந்து அதை உப்பவைக்கிறது. காற்றே இல்லாவிட்டால் அது கல் மாதிரி உறைந்த பால்தான். பெரிய தொழிற்சாலையில் கலவையின் கன அளவுக்குச் சமமாகக்கூடக் காற்றை ஏற்ற முடியும். அதாவது ஒரு லிட்டர் கலவையிலிருந்து இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம். சின்னக் கடையில், மெதுவாகச் சுழலும் இயந்திரத்தில் கடைந்தது அவ்வளவு உப்பாது. கரண்டி இறங்கும்போதே கனம் தெரியும். உங்கள் சிறுவயதுக் கடை அப்படிப்பட்டது என்றால், இப்போது கிடைப்பது 'லேசாக' இருக்கிறது என்று நீங்கள் சொல்வது கற்பனை அல்ல.

அடுத்தது கொழுப்பு. இந்திய உணவுத் தர விதிப்படி, வெறுமனே ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டு விற்பதில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும், ஒரு லிட்டரின் எடை 525 கிராமுக்குக் குறையக் கூடாது. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்தால் அதை ஐஸ்கிரீம் என்று சொல்ல முடியாது, ஃப்ரோசன் டெசர்ட் என்றுதான் அச்சிட வேண்டும். கோன், கப், குச்சி என்று கடையில் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பவற்றில் இரண்டும் கலந்திருக்கும். தாவர எண்ணெயில் செய்தது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாயில் உருகும் விதம் வேறு, பின்மணம் வேறு. மணம் நேர்வழியில் நினைவுக்குப் போகிறது என்று மேலே பார்த்தோமே, அந்த வழியில் இப்போது வேறு மணம் போகிறது. நினைவு கதவைத் திறக்காததில் வியப்பில்லை.

மூன்றாவது பனித்துகள். ஐஸ்கிரீமுக்குள் இருக்கும் பனித்துகள்கள் பொடியாக இருக்கும் வரை நாக்குக்கு வழவழப்பு. ஃப்ரீசரின் குளிர் ஏறி இறங்கினால் சின்னத் துகள்கள் உருகி, பெரிய துகள்களோடு ஒட்டி உறைந்து, நறநறவென்று ஆகிவிடும். கரண்ட் போய்ப்போய் வந்த ஊரில், பெட்டிக்கடை ஃப்ரீசரில் வாரக்கணக்கில் கிடந்த டப்பாவைத் திறந்தவர்களுக்கு இது தெரியும். காலையில் கடைந்ததை மாலைக்குள் விற்றுத் தீர்த்த கடைக்கு இந்தப் பிரச்சினையே வராது. இது ரகசியச் செய்முறை ஒன்றும் இல்லை, சீக்கிரம் விற்றுப்போனது, அவ்வளவுதான்.

வியாபாரச் சூழலும் மாறியது. 1997 வரை இந்தியாவில் ஐஸ்கிரீம் தயாரிப்பு சிறுதொழில்களுக்கென்று ஒதுக்கிய பட்டியலில் இருந்தது. அந்த ஒதுக்கீடு நீங்கியதும் பெரிய ஆலைகளுக்கு வழி அகலமாகத் திறந்தது. ஊருக்கு ஊர் மாறுபட்ட ருசி குறைந்து, எங்கே வாங்கினாலும் ஒரே ருசி என்றாகியது. அதில் லாபமும் இருக்கிறது. சுத்தம், விலை, கிராமம் வரைக்கும் கிடைப்பது எல்லாம் கூடியிருக்கின்றன.

உங்கள் ஏக்கத்தில் பால் எவ்வளவு, மனசு எவ்வளவு என்று பார்க்க விருப்பம் இருந்தால் ஓரளவு முடியும். வாங்கும்போது டப்பாவில் மில்லிலிட்டரும் கிராமும் இரண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அல்லது வீட்டுத் தராசில் வையுங்கள். ஒரே அளவு டப்பாக்களில் எது கனமோ அதில் காற்று குறைவு. பால் கொழுப்பு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். இல்லையென்றால் நீங்களே கடையலாம். பனிக்கட்டியில் கல்லுப்பைத் தாராளமாகக் கலந்தால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியை நெருங்கும். அதற்கு நடுவில் பாத்திரத்தை வைத்து, சுண்டிய பாலும் கிரீமும் சர்க்கரையும் சேர்த்த கலவையை விடாமல் கிண்டினால் அரைமணி நேரத்தில் கெட்டிப்படும். கை வலிக்கும், பிள்ளைகளிடம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை உடனே சாப்பிடாமல் ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் மணம் எழும்பும்.

அப்புறம், சாப்பிடும்போது அந்தக் கடைக்கு உங்களோடு வந்த ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போனிலாவது. அங்கே பாதாம் ஐஸ்கிரீமுக்கு மேல் செர்ரி வைத்தார்களா டுட்டி ஃப்ரூட்டி போட்டார்களா என்று நிச்சயம் சண்டை வரும். இரண்டு பேரும் சத்தியம் செய்வீர்கள்.